பழைய பிக்கப்பில் கியர் சரியாக மாறவில்லையா? ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் – ஓர் எளிய விளக்கம்

"கியர்பாக்ஸ் போயிடுச்சு." அமெரிக்காவில் பழைய பிக்கப் வைத்திருப்பவர்களிடம் பேசினால் ஒரு தடவையாவது இந்த வாக்கியம் காதில் விழும். கியர் மாறும்போது எஞ்சின் வீணாக உறுமினாலும் இதைத்தான் சொல்கிறார்கள். வண்டி உதறினாலும் இதுதான். காலையில் லீவரை டி-யில், அதாவது டிரைவில், போட்டபின் நகர நேரமெடுத்தாலும் இதுதான். மூன்றும் வேறு வேறு கோளாறுகள். காரணமும் வேறு, செலவும் வேறு.

என்னிடம் இருந்த பழைய பிக்கப் ஒருநாள் சிக்னலிலிருந்து கிளம்பவே திணறியது. சுமை ஏற்றிய மாட்டு வண்டி மேட்டில் ஏறுவது போல மெதுவாக நகர்ந்து, வேகம் வந்தபின் ஒழுங்காக ஓடியது. ரிவர்ஸ் போட்டால் 'டமார்' என்று ஓர் அடி, ஆனால் பின்னால் நன்றாகவே வந்தது. கடையில் ஓட்டிப் பார்த்தவர் பத்து நிமிடத்தில் முடிவு சொன்னார்: முழு ரீபில்ட், அதாவது கியர்பாக்ஸை இறக்கி, பிரித்து, தேய்ந்ததை எல்லாம் மாற்றுவது. செலவு சில ஆயிரம் டாலர். கடைசியில் பார்த்தால் போயிருந்தது ஒரு பியூஸ். எக்ஸாஸ்ட் குழாயில் உரசித் தோல் உரிந்த ஒரு வயர் அந்த பியூஸை எரித்திருந்தது. அந்த அறிகுறிகளிலேயே விடை இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அது எப்படி என்று சொல்ல, முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

உதாரணத்துக்கு ஒரு கியர்பாக்ஸை எடுத்துக்கொள்கிறேன்: ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்60-இ. 1993 முதல் ஷெவ்ரலே, ஜிஎம்சி அரை டன் பிக்கப்புகளில் வந்தது. பெயரிலேயே விவரம் இருக்கிறது: 4 என்பது முன்னோக்கிய கியர்கள், எல் என்றால் நீளவாக்கில் பொருத்துவது, 60 அதன் பலத்தைக் குறிக்கும் எண், இ என்றால் எலக்ட்ரானிக். 1982-ல் வந்த 700ஆர்4 என்ற கியர்பாக்ஸின் வாரிசு இது. ஃபோர்டு, டாட்ஜ், டொயோட்டா பிக்கப்புகளில் பாகங்களின் பெயர் மாறும், அடிப்படை இதேதான்.

குழாயில் தண்ணீர் வரவில்லை

வீட்டில் சமையலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. உடனே சுவரை உடைத்துப் பைப்பை மாற்றுவோமா? முதலில் மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லையென்றால் மோட்டார் ஓடியதா, கரண்ட் இருந்ததா, யாராவது கேட் வால்வை மூடிவிட்டார்களா என்று விசாரிப்போம். அப்புறம் வாஷர். சுவரை உடைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் ஏறக்குறைய இப்படி ஒரு வீடுதான். அதில் ஓடுவது ஏடிஎஃப் எனப்படும் தனி வகை ஆயில். அடியில் ஒரு தட்டில் அந்த ஆயில் தேங்கி நிற்கும், அதுதான் தொட்டி. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஒரு பம்ப் அதை உறிஞ்சி அழுத்தத்தோடு தள்ளும், அது மோட்டார். அழுத்தம் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று திறந்து மூடும் வால்வுகள் ஓர் அலுமினியப் பலகைக்குள் இருக்கின்றன. அதன் பெயர் வால்வு பாடி. ஆயில் கசியாமல் காக்கும் ரப்பர் சீல்களை வாஷராக வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் கடைசியில் போய்ச் சேரும் இடம் கிளட்ச் பிளேட்டுகள்.

ரீபில்ட் என்பது சுவரை உடைக்கும் வேலை. தொட்டியைப் பார்க்காமலே அதற்குக் கிளம்புகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

இரண்டு நோட்டு, ஒரு பென்சில்

மேனுவல் கியரில் நாம் ஒரு பல்சக்கரத்தை விலக்கி இன்னொன்றைக் கோர்க்கிறோம். ஆட்டோமேட்டிக்கிலும் உள்ளே ஏதோ ஒரு கை அதையே செய்கிறது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. இங்கே பல்சக்கரங்கள் எப்போதும் கோர்த்தபடியே இருக்கின்றன. எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுற்ற விடுகிறோம் என்பதில்தான் கியர் மாறுகிறது.

இதைப் புரிந்துகொள்ள உருண்டையான ஒரு பென்சிலும் இரண்டு நோட்டுப் புத்தகங்களும் போதும். ஒரு நோட்டை மேசையில் வையுங்கள். அதன்மேல் பென்சிலைக் குறுக்காகக் கிடத்தி, பென்சிலின்மேல் இரண்டாவது நோட்டை வையுங்கள்.

கீழ்நோட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு மேல்நோட்டை ஒரு சாண் முன்னால் தள்ளுங்கள். பென்சில் உருண்டு அரைச் சாண்தான் நகரும். தள்ளியது ஒரு சாண், நகர்ந்தது பாதி. வேகம் குறைகிறது, அதற்கு ஈடாக இழுவை கூடுகிறது. முதல் கியரின் தத்துவம் இதுதான். இப்போது மூன்றையும் சேர்த்துப் பிடித்து நகர்த்துங்கள். எல்லாம் ஒரே வேகத்தில் போகும். இது நேர் கியர். அடுத்து, பென்சிலை அதன் இடத்தில் உருள மட்டும் விட்டு, மேல்நோட்டை முன்னால் தள்ளுங்கள். கீழ்நோட்டு பின்னால் வரும். அது ரிவர்ஸ். கடைசியாக, கீழ்நோட்டைப் பிடித்துக்கொண்டு பென்சிலை அரைச் சாண் முன்னால் நகர்த்தினால் மேல்நோட்டு ஒரு சாண் ஓடும். கொடுத்ததைவிட அதிக வேகம் வெளியே வருகிறது. நெடுஞ்சாலையில் எஞ்சின் நிதானமாகச் சுற்ற உதவும் ஓவர்டிரைவ் கியர் இதுதான்.

இந்த நோட்டுகளையும் பென்சிலையும் வட்டமாக வளைத்தால் கிடைப்பது கோள் கியர். நடுவில் சூரியனைப் போல ஒரு சக்கரம், அதைச் சுற்றி உருளும் சின்னச் சக்கரங்கள், எல்லாவற்றையும் வெளியே வளைத்து நிற்கும் பல் வளையம். 4எல்60-இ-யில் இப்படி இரண்டு தொகுதிகள் சேர்ந்து வேலை செய்கின்றன. முதல் கியரில் உள்ளே 3.06 சுற்று வந்தால் வெளியே ஒரு சுற்று. இரண்டாவதில் 1.63, மூன்றாவதில் சரிக்குச் சரி 1, நான்காவதில் 0.70.

பிடிப்பது யார்?

சுற்றுகிற இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கக் கிளட்ச் இருக்கிறது. உராய்வுத் தாள் ஒட்டிய தட்டுகளும் வெறும் எஃகுத் தட்டுகளும் ஒன்றுவிட்டு ஒன்று அடுக்கிய கட்டு அது. உள்ளங்கைகளை லேசாக ஒட்டி வைத்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். அழுத்திப் பிடித்தால் இரண்டும் ஒன்றாகத்தான் நகரும். ஆயில் அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் தட்டுகளை நெருக்கும்.

சுற்றும் டிரம்மை வெளியிலிருந்து இறுக்கி நிறுத்த ஒரு பட்டை இருக்கிறது. அதற்கு பேண்ட் என்று பெயர். பம்பரத்தைச் சுற்றிய கயிற்றை இறுக்கிப் பிடிப்பது போல.

இந்த இடத்தில் ஒன்றை மனதில் ஆழமாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் பிளேட் புத்தம் புதிதாக இருந்தாலும் அழுத்தம் போதவில்லை என்றால் அது வழுக்கும். வழுக்கினால் சூடு. சூடானால் உராய்வுத் தாள் கருகும். ஆக, ஆயில் குறைந்ததால் தொடங்கிய சின்னக் கோளாறு, கவனிக்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் நிஜமாகவே பிளேட்டைத் தின்றுவிடும். கடையில் பிரித்துப் பார்க்கும்போது கருகிய பிளேட் கண்ணுக்குத் தெரியும். அதைக் கருக்கிய காரணம் கண்ணில் படாமல் போகலாம். பிளேட்டை மட்டும் மாற்றி, காரணத்தை அப்படியே விட்டுவிட்ட ரீபில்ட் சீக்கிரமே மறுபடியும் கடைக்கு வந்து நிற்கும்.

உத்தரவு கொடுப்பது யார்?

4எல்60-இ-யில் உத்தரவு கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறீர்கள், வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்ற இரண்டு தகவல்களும் அதற்கு முக்கியம். முதலாவதை எஞ்சினில் உள்ள திராட்டில் சென்சார் சொல்கிறது; இரண்டாவதை கியர்பாக்ஸின் வால்பக்கத்தில் உள்ள வேக சென்சார் சொல்கிறது. இதில் ஒன்று பொய் சொன்னாலும் கியர் தப்பான நேரத்தில் மாறும். ஸ்பீடோமீட்டர் முள் துள்ளிக்கொண்டும் கியர் கண்டபடி மாறிக்கொண்டும் இருந்தால் சந்தேகம் முதலில் வேக சென்சார் மேல்தான் விழவேண்டும். அது விலை குறைந்த பாகம், வெளியிலிருந்தே கழற்றலாம்.

கம்ப்யூட்டர் தன் உத்தரவை வால்வு பாடிக்குச் சொல்வது சோலனாய்டு மூலம். கரண்ட் வந்தால் ஆயில் வழியைத் திறக்கவோ மூடவோ செய்யும் சின்ன மின் வால்வு அது. கியர் மாற்றுவதற்கு ஏ, பி என்று இரண்டு சோலனாய்டுகள். முதல் கியரில் இரண்டுக்கும் கரண்ட் உண்டு. இரண்டாவதில் பி-க்கு மட்டும். மூன்றாவதில் இரண்டுக்குமே கிடையாது. நான்காவதில் ஏ-க்கு மட்டும்.

மூன்றாவதை மறுபடி பாருங்கள். கரண்ட் மொத்தமாக நின்றுவிட்டால் இந்தக் கியர்பாக்ஸ் தானாகவே மூன்றாம் கியரில் போய் நிற்கும். அழுத்தத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டு இன்னொன்று இருக்கிறது. அதற்குக் கரண்ட் இல்லையென்றால் அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடும். நடுவழியில் வயர் அறுந்தாலும் கிளட்ச் வழுக்கிக் கருகாமல் வண்டி வீடு போய்ச் சேரவேண்டும் என்று யோசித்துச் செய்த அமைப்பு இது. லிம்ப் மோட் என்பார்கள். நொண்டிக்கொண்டாவது வீடு சேரும் நிலை.

என் பிக்கப்பின் கதை இப்போது விளங்கும். சிக்னலில் திணறியது எதனால்? மூன்றாம் கியரில் கிளம்பியதால். ரிவர்ஸில் 'டமார்' என்று அடித்தது எதனால்? அழுத்தம் உச்சத்தில் இருந்ததால். ஆனாலும் ரிவர்ஸ் வேலை செய்தது. ஏனென்றால் ரிவர்ஸை நம் கை லீவரே நேரடியாக வால்வு பாடியில் தேர்ந்தெடுக்கிறது, இந்த சோலனாய்டுகள் அதற்குத் தேவையில்லை. ஒரு பிளேட்டுகூடத் தேயவில்லை.

டார்க் கன்வெர்ட்டர்: இல்லாத ஐந்தாம் கியர்

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றதும் மெல்லச் சுற்றும். இங்கே காற்றுக்குப் பதில் ஆயில். அதனால்தான் டி-யில் போட்டு பிரேக்கை மிதித்து நின்றாலும் எஞ்சின் அணைவதில்லை. 1905-ல் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோட்டிங்கர் கப்பல்களுக்காகக் கண்டுபிடித்த ஏற்பாடு இது. இன்றும் நம் வண்டிகளில் இருக்கிறது.

காற்றை நம்பிச் சுற்றும் விசிறி எப்போதும் கொஞ்சம் பின்தங்கும். நீண்ட பயணத்தில் அது பெட்ரோலுக்குக் கேடு. ஆகவே ஒரு வேகத்துக்கு மேல் உள்ளே ஒரு கிளட்ச் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பூட்டிவிடும். இதற்கு லாக்-அப் என்று பெயர். பூட்டும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சம் இறங்கும். நாலு கியர் வண்டியில் மூன்று மாற்றம்தானே இருக்கவேண்டும், நான் நாலு எண்ணினேனே என்று குழம்புபவர்களுக்கு விடை இதுதான். கடைசியில் வந்தது கியர் மாற்றம் இல்லை, லாக்-அப்.

மணிக்கு 45 மைல் வாக்கில், மேட்டில் லேசாக மிதித்துப் போகும்போது, சாலையோர வரிப்பள்ளங்கள் மேல் ஓட்டுவது போல ஒரு நடுக்கம் வந்தால், பெரும்பாலும் லாக்-அப் கிளட்ச் சரியாகப் பூட்ட முடியாமல் உதறுகிறது என்று பொருள். இதை வீட்டுக்காரரே சோதிக்கலாம். வண்டி நடுங்கும்போது, பின்னால் வண்டி எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, ஆக்சிலரேட்டரை விடாமல் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். பிரேக் தொட்டதும் லாக்-அப் விடுபடும். நடுக்கம் அந்த நொடியே நின்றால் சந்தேகம் லாக்-அப் பக்கம் வலுக்கிறது. நிற்காமல் தொடர்ந்தால் ஸ்பார்க் பிளக், பிளக் வயர், புரொபெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட் பக்கம் போய்த் தேடுங்கள்.

இதுவரை பார்த்தது சுருக்கமாக: கோள் கியரில் எதைப் பிடிக்கிறோம் என்பதுதான் கியர். பிடிப்பவை கிளட்சும் பேண்டும். அவற்றுக்குப் பலம் கொடுப்பது ஆயில் அழுத்தம். எப்போது பிடிக்கவேண்டும் என்று சொல்வது கம்ப்யூட்டரும் சோலனாய்டும். கோளாறு பிடியில் இருக்கலாம், பலத்தில் இருக்கலாம், உத்தரவில் இருக்கலாம். பிடி ஒன்றுக்குத்தான் கியர்பாக்ஸை இறக்கவேண்டும். மற்ற இரண்டிலும் பெரும்பாலானவை வண்டியில் இருந்தபடியே சரியாகும்.

முதலில் டிப்ஸ்டிக்

டிப்ஸ்டிக் என்பது ஆயில் அளவு பார்க்கும் குச்சி. ஏடிஎஃப் அளவைப் பலரும் எஞ்சின் ஆயில் போலப் பார்க்கிறார்கள்: எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு. இந்த வண்டிகளில் அது தப்பு. எஞ்சினை அணைத்தால் கன்வெர்ட்டரில் உள்ள ஆயில் கீழே இறங்கி அளவு கூடுதலாகக் காட்டும். இருபது நிமிடமாவது ஓட்டிச் சூடேற்றி, சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கவேண்டும். ஜிஎம் வண்டிகளில் லீவர் பார்க்கில் இருக்கவேண்டும். அந்தக் காலத்து டாட்ஜ் பிக்கப்புகளில் நியூட்ரலில். உங்கள் வண்டிக்கு எது என்று கையேட்டில் ஒரு வரி இருக்கும்.

அளவு குறைவாக இருந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். அழுத்தம் விழும். அதிகமாக ஊற்றினாலும் அதே கதிதான்: சுற்றும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு எதையும் அழுத்திப் பிடிக்கும் பலம் இல்லை. ஆகவே 'கொஞ்சம் கூடவே இருக்கட்டும்' என்ற நல்லெண்ணம் இங்கே வேண்டாம்.

அப்புறம் நிறமும் வாசனையும். நல்ல ஆயில் தெளிந்த சிவப்பு. பழுப்பாவது வயதினால் இருக்கலாம். கருத்து, தீய்ந்த வாசனையும் வந்தால் பிளேட் கருகியிருக்கிறது. ரோஸ் மில்க் போலக் கலங்கிய இளஞ்சிவப்பாக இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். பல பிக்கப்புகளில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. அது உள்ளே ஓட்டையானால் கூலன்ட் ஆயிலில் கலந்துவிடும். தண்ணீர் பட்டால் பிளேட்டில் ஒட்டிய உராய்வுத் தாள் ஊறி உரியும். ஒரு நாள் கூடுதலாக ஓட்டினாலும் நஷ்டம்தான்.

ஆயில் வகையும் முக்கியம். ஜிஎம்முக்கு டெக்ஸ்ரான், பழைய ஃபோர்டுகளுக்கு மெர்கான், டாட்ஜுக்கு ஏடிஎஃப்+ என்று தனித்தனி வரிசைகள். பழைய டெக்ஸ்ரான்-3 கேட்கும் ஜிஎம் கியர்பாக்ஸுக்கு இப்போது டெக்ஸ்ரான்-6 ஊற்றலாம். நிறம் ஒன்றுதானே என்று ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஊற்றக்கூடாது. வழுவழுப்பும் பிடிப்பும் எந்த அளவில் இருக்கவேண்டும் என்பதை வகைக்கு வகை வேறாக வைத்திருக்கிறார்கள்.

'பழைய வண்டியில் ஆயில் மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்' என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் நடப்பது இதுதான்: வழுக்க ஆரம்பித்தபின்தான் பலருக்கு ஆயில் மாற்றும் நினைப்பே வருகிறது. அதற்குள் பிளேட் தேய்ந்தாயிற்று. அடுத்த மாதம் வண்டி நிற்கும்போது பழி புது ஆயில்மேல் விழுகிறது. அடித்தட்டைக் கழற்றி ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால், 4எல்60-இ-யில் மொத்தமுள்ள 11 குவார்ட்டில் 5 மட்டுமே வெளியே வரும். மீதி கன்வெர்ட்டரில் இருக்கும். மிஷின் வைத்து முழுதும் அலசுவதைவிட இந்தப் பாதி மாற்றமே பழைய வண்டிக்குப் போதும் என்பது என் கருத்து. கழற்றும்போது தட்டில் உள்ள காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசைபோல மென்மையான தூள் இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். சில்லு சில்லாக இரும்பு கிடந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது.

அறிகுறிக்குச் சரியான பெயர்

எந்தக் கோளாறுக்கும் 'கியர் சரியில்லை' என்று சொல்வதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

வழுக்கல் என்றால் எஞ்சின் வேகம் ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை. இது பிடியின் குறை அல்லது பலத்தின் குறை. தாமதமான மாற்றம் வேறு: எஞ்சின் அதிகநேரம் உறுமிய பிறகு கியர் மாறும், ஆனால் மாறும்போது சுத்தமாக மாறும், நடுவில் வழுக்காது. இது பெரும்பாலும் உத்தரவின் குறை. திராட்டில் சென்சார் தப்பாகச் சொல்லியிருக்கலாம். எஞ்சினே பலம் குறைந்திருந்தால் நாமே அதிகமாக மிதிப்போம், நிறையச் சுமை இருக்கிறது என்று கம்ப்யூட்டரும் தாமதிக்கும். எஞ்சின் கோளாறுக்குக் கியர்பாக்ஸ் தண்டனை வாங்கும் இடம் இது.

அடி என்பது 'டமார்' என்று மாறுவது. அழுத்தம் தேவைக்கு மேல் இருக்கிறது. எல்லா கியரிலும் அடி என்றால் மின்சாரப் பக்கம் முதலில் பாருங்கள்: பியூஸ், கியர்பாக்ஸ் பக்கவாட்டில் உள்ள பெரிய கனெக்டர், பேட்டரி முனைகள், எர்த் வயர்.

கடைசியாக, பிடிக்கும் தாமதம். டி-யில் போட்டு வண்டி 'கப்' என்று பிடிக்க எவ்வளவு நேரம்? டொயோட்டா சர்வீஸ் கையேடுகளில் இதற்கு என்று ஒரு சோதனையே உண்டு: சூடான வண்டியில் டி-க்கு 1.2 விநாடிக்குள், ரிவர்ஸுக்கு 1.5 விநாடிக்குள் பிடிக்கவேண்டும். காலையில் மட்டும் இரண்டு மூன்று விநாடி எடுத்து, சூடானபின் சரியாகிறது என்றால் ரப்பர் சீல்கள் வயதாகி இறுகிவிட்டன என்று ஊகிக்கலாம். ஆயில் அளவு குறைந்தாலும் இதே அறிகுறிதான். அதனால்தான் டிப்ஸ்டிக்கை முதலில் சொன்னேன்.

எந்த கியர் இல்லை?

நிஜமாகவே ஒரு கியர் வரவில்லை என்றால், 'எது வரவில்லை' என்ற கேள்விக்குத்தான் அதிக மதிப்பு. காரணம், ஒரு கிளட்ச் ஒன்றுக்கு மேற்பட்ட கியர்களில் வேலை செய்கிறது. மூன்று வீட்டுக்கும் கரண்ட் போனால் பொதுவான கம்பத்தைத்தானே பார்ப்போம்.

4எல்60-இ-யில் மூன்றாவதும் நான்காவதும் மட்டும் போய், மற்றவை நன்றாக இருந்தால், அந்த இரண்டுக்கும் பொதுவான 3-4 கிளட்ச் போயிருக்கிறது. இந்தக் கியர்பாக்ஸில் மிகவும் பேர்போன பலவீனம் இது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது எஞ்சின் ஒரு நொடி உறுமுவதில்தான் அது தொடங்கும். இரண்டாவதும் நான்காவதும் போய் ரிவர்ஸ் நன்றாக இருந்தால் 2-4 பேண்ட், அல்லது அதை இறுக்கும் பிஸ்டன். இரண்டு, நான்கு, ரிவர்ஸ் மூன்றும் ஒரே நாளில் போனால் சூரியச் சக்கரத்தைப் பிடிக்கும் கூடு உடைந்திருக்கிறது. கடைக்காரர்கள் சன் ஷெல் என்பார்கள். பேண்ட் பிடித்தாலும் சரி, ரிவர்ஸ் கிளட்ச் பிடித்தாலும் சரி, அந்தக் கூட்டின் வழியாகத்தான் பிடிக்கவேண்டும். முன்னோக்கி எந்த கியரும் இல்லை, ரிவர்ஸ் மட்டும் உண்டு என்றால் ஃபார்வர்டு கிளட்ச் பக்கம்.

இந்த நாலு நிலையிலும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகவேண்டியிருக்கலாம். எல்லா கியரும் ஒரே மாதிரி பலவீனமாக இருந்தால் கதை வேறு. எல்லா கிளட்சும் ஒரே நேரத்தில் தேய்வது அபூர்வம். எல்லாவற்றுக்கும் பொதுவான ஆயில், ஃபில்டர், பம்ப் பக்கம் போகவேண்டும்.

கோட் சொல்வதும் சொல்லாததும்

1996 முதல் அமெரிக்காவில் விற்ற எல்லாக் கார்களிலும் சிறு டிரக்குகளிலும் ஓபிடி-2 என்ற பொது இணைப்பு இருக்கிறது. ஸ்டியரிங் கீழே இருக்கும். ஒரு சின்ன ரீடரைச் செருகினால் கம்ப்யூட்டர் குறித்து வைத்த கோட் எண்கள் வரும்.

கோட் என்பது புகார். தீர்ப்பு அல்ல. பி0753 வந்தால் ஏ சோலனாய்டின் மின்சுற்றில் கோளாறு என்று அர்த்தம். வயரையும் கனெக்டரையும் பார்க்கவேண்டும். பி0751 வந்தால் கரண்ட் போகிறது, ஆனால் எதிர்பார்த்த கியர் கிடைக்கவில்லை என்று அர்த்தம். எண்ணில் வித்தியாசம் இரண்டுதான், தேடவேண்டிய இடமோ வேறு. 4எல்60-இ-யில் பலரைப் பயமுறுத்தும் பி1870-க்கு 'கியர்பாக்ஸ் பாகம் வழுக்குகிறது' என்று விளக்கம் வரும். படித்தவுடன் பிளேட் போயிற்று என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அலுமினிய வால்வு பாடியில் லாக்-அப் வால்வு ஓடும் துளை தேய்ந்து, அழுத்தம் கசிந்து, லாக்-அப் மட்டும் வழுக்குவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். வால்வு பாடியைக் கீழிருந்தே இறக்கலாம்.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்து வண்டிகள்

700ஆர்4 கியர்பாக்ஸில் உத்தரவு ஒரு கேபிள் வழியாக வந்தது. கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் அந்த டிவி கேபிள் (டிவி என்றால் இங்கே திராட்டில் வால்வு) மிதிக்கும் அளவுக்கு ஏற்ப அழுத்தத்தைக் கூட்டும். அது தளர்ந்தால் மாற்றங்கள் சீக்கிரமாகவும் சொகுசாகவும் வரும். ஓட்டுபவருக்கு இதமாகத்தான் இருக்கும், உள்ளே பிளேட் கருகிக்கொண்டிருக்கும். கார்புரேட்டரை மாற்றிவிட்டு இந்தக் கேபிளைச் சரிசெய்யாமல் ஓட்டி நல்ல கியர்பாக்ஸை இழந்தவர்கள் நிறையப் பேர்.

ஃபோர்டின் சி6 போன்றவற்றில் எஞ்சினின் வாக்யூமை வைத்து அழுத்தத்தைத் தீர்மானிக்கும் மாடுலேட்டர் என்ற சின்ன டப்பா உண்டு. அதற்குள் உள்ள ரப்பர் சவ்வு கிழிந்தால் எஞ்சின் அந்த வாக்யூம் குழாய் வழியே கியர்பாக்ஸ் ஆயிலைக் குடிக்க ஆரம்பிக்கும். சைலன்சரில் வெண்புகை, ஒழுகல் எதுவும் தெரியாமலே குறையும் ஆயில், அடித்து மாறும் கியர். மூன்றுக்கும் அந்த ஒரு டப்பாதான் காரணம். குழாயைக் கழற்றி உள்ளே சிவப்பு ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாடுலேட்டர் கிழிந்தது உறுதி.

கடைக்குப் போகும்முன்

காலி சாலையில் லேசாக மிதித்து ஒரு தடவை ஓட்டி, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த வேகத்தில் எந்த மாற்றம் வந்தது, எது வரவில்லை, குளிரிலா சூட்டிலா, ஆயில் அளவு, நிறம், வாசனை, கோட் எண். பிரேக்கை மிதித்தபடி ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திப் பார்க்கும் ஸ்டால் சோதனையை மட்டும் நீங்களே செய்யவேண்டாம். சில விநாடிகளிலேயே ஆயில் கடுமையாகச் சூடேறும், வண்டி பாய்ந்தாலும் பாயும்.

கடையில் "கியர்பாக்ஸ் போயிடுச்சு, பாருங்க" என்று சொல்லாதீர்கள். "சூடானபின் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில் வழுக்குது, ரிவர்ஸ் நல்லா இருக்கு, ஆயில் அளவு சரி, லேசா தீய்ந்த வாசனை, கோட் இல்லை" என்று சொல்லுங்கள். அப்புறம் ஒன்று கேளுங்கள்: "அழுத்தம் அளந்தீங்களா?" கியர்பாக்ஸின் வெளிப்புறத்தில் அழுத்தமானி செருக ஒரு துளை அதற்கென்றே இருக்கிறது. அளந்த எண்ணைச் சொல்பவரிடம் வண்டியை விட்டுவிட்டு வரலாம்.